ரூட் 66: அரசு கைவிட்ட நெடுஞ்சாலையில் இன்னும் ஏன் கார்கள் ஓடுகின்றன?

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு கூகுள் மேப்ஸில் வழி கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 30 மணி நேர டிரைவ் என்று சொல்லி, நேர் நேரான இன்டர்ஸ்டேட் சாலைகளை நீலக் கோடாகக் காட்டும். அதில் 'ரூட் 66' என்ற பெயரே இருக்காது. காரணம் சிம்பிள். அமெரிக்காவின் அதிகாரப்பூர்வ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து 1985-லேயே அந்த எண்ணை நீக்கிவிட்டார்கள்.

ஆனாலும், அந்தச் சாலையில் கார் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். 30 மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் இருக்கும் டைனர்களில் பான்கேக் சாப்பிடுகிறார்கள். ராத்திரி ஏதாவது ஒரு ஊரில் தங்கி, லைவ் மியூசிக் கேட்டுவிட்டு மறுநாள் கிளம்புகிறார்கள்.

1926 நவம்பர் 11-ல் பிறந்த ரூட் 66-க்கு 2026-ல் வயது 100. இந்தச் சாலை எப்படி வந்தது, எதனால் செத்தது, யார் மீட்டது, அது யாருக்கெல்லாம் இடம் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கி, எங்கே முடிகிறது?

சிகாகோவின் ஆடம்ஸ் தெருவில் இதன் தொடக்கப் பலகை இருக்கிறது. இல்லினாய், மிசௌரி, கேன்சஸ், ஓக்லஹோமா, டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ, அரிஸோனா, கலிஃபோர்னியா என 8 மாநிலங்கள் வழியாகப் போகிறது. மொத்த நீளம் 2,448 மைல், அதாவது சுமார் 3,940 கிலோமீட்டர். கேன்சஸில் மட்டும் வெறும் 21 கிலோமீட்டர்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் மாநிலமே முடிந்துவிடும். கடைசியில் பசிபிக் கடலோரம், சான்ட்டா மோனிக்கா நகரில் பயணம் நிறைவடைகிறது.

ரூட் 66 புதிதாகப் போடப்பட்ட சாலை அல்ல. ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளையும் வண்டிப் பாதைகளையும் ஒன்றோடொன்று கோத்து, மேலே ஒரே எண்ணை ஒட்டினார்கள். அதனால்தான் அது வளைந்து நெளிந்து, ஒவ்வொரு ஊரின் கடைத்தெரு வழியாகவே போகும். முழு நீளத்துக்கும் தார், கான்கிரீட் போட்டு முடிக்க 1938 ஆகிவிட்டது.

இந்தச் சாலையின் தந்தை என்று அழைக்கப்படுபவர் துல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் ஏவரி. நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்த குழுவில் இருந்தவர். துல்சாவில் அவருக்கே சொந்தமாக பெட்ரோல் பங்க்கும் உணவகமும் இருந்தன. சாலை தன் ஊர் வழியாகப் போனால் வியாபாரம் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஏவரி தரப்பு முதலில் கேட்ட எண் 60. கிழக்கு மேற்காகப் போகும் முக்கியச் சாலைகளுக்கு 10-ன் மடங்குகளில் எண் கொடுப்பது திட்டம். அந்த 60 தன் மாநிலச் சாலைக்குத்தான் வேண்டும் என்று கென்டக்கி ஆளுநர் பிடிவாதம் பிடித்தார். 62 தருகிறோம் என்றார்கள், ஏவரி தரப்புக்குப் பிடிக்கவில்லை. 1926 ஏப்ரல் 30-ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிப் பேசியபோது, யாருக்கும் தராமல் சும்மா கிடந்த 66 கண்ணில் பட்டது. சொல்வதற்கும் எளிது, மனதிலும் நிற்கும். உடனே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஓக்லஹோமா, டெக்ஸாஸ் பகுதிகளில் கடும் வறட்சியும் புழுதிப் புயலும். நிலத்தை இழந்த குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தைக் காரில் கட்டிக்கொண்டு, வேலை தேடி கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பின. அவர்களில் பெரும்பாலோருக்கு வழி இதுதான். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் அவர்களின் கதை. ரூட் 66-க்கு 'தாய்ச்சாலை' என்ற பட்டப்பெயர் வந்ததும் அந்த நாவலால்தான்.

சரி, டைனர் என்றால் என்ன?

ஹாலிவுட் படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நீளமான கவுன்ட்டர், அதன் முன்னால் சுழலும் ஸ்டூல்கள், ஜன்னலோரம் நாலு பேர் உட்காரும் சோஃபா இருக்கைகள், கையில் காபி ஜாடியோடு சுற்றி வரும் பணிப்பெண். அதுதான் டைனர்.

இதன் தொடக்கம் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில். 1872-ல் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு வைத்து, இரவு வேலை பார்ப்பவர்களுக்கு விற்க ஆரம்பித்தார். நம் பாஷையில் கையேந்தி பவன் என்று வெச்சுக்கலாம். பிறகு வண்டி பெரிதானது, உள்ளே உட்கார இடம் வந்தது. ஒருகட்டத்தில், குறிப்பாக நியூ ஜெர்சி தொழிற்சாலைகளில், முழு உணவகத்தையும் ரயில் பெட்டி வடிவத்தில் செய்து லாரியிலும் ரயிலிலும் அனுப்பினார்கள். வந்த இடத்தில் இறக்கிவைத்து, தண்ணீர், கரன்ட் இணைப்பு கொடுத்தால் கடை ரெடி.

ரூட் 66-ல் எல்லாமே அப்படி வந்து இறங்கியவை அல்ல. வீட்டு முன் அறையிலும், பெட்ரோல் பங்க் மூலையிலும் குடும்பமாகத் தொடங்கிய கடைகள்தான் அதிகம். ஓக்லஹோமாவின் ஸ்ட்ரவுடு ஊரில் இருக்கும் 'ராக் கஃபே' 1939-ல் கட்டப்பட்டது. சுவரில் இருப்பது சாலைப் பணியில் மிஞ்சிய கற்கள். 2008-ல் தீப்பிடித்து எரிந்தபோதும் அந்தக் கற்சுவர் நின்றது. அதற்குள்ளேயே மறுபடியும் கடையை எழுப்பினார்கள்.

இந்தப் பாதையில் சாப்பாட்டுப் பிரியர்கள் தவறவிடாத சில இடங்கள்:

சிகாகோவின் 'லூ மிட்செல்ஸ்' 1923-ல் தொடங்கியது. அதாவது ரூட் 66-ஐ விடவே 3 வயது மூத்தது. வரிசையில் நிற்பவர்களுக்குக் குட்டி டோநட் உருண்டை கொடுத்து உள்ளே அழைப்பது இவர்கள் வழக்கம்.

இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் 'கோஸி டாக்'. குச்சியில் குத்திய சாசேஜை மக்காச்சோள மாவுக் கரைசலில் முக்கி, பஜ்ஜி மாதிரி எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை குச்சியில். கார்க்காரர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரியான தீனி.

செயின்ட் லூயிஸில் 'டெட் ட்ரூஸ்' ஃப்ரோஸன் கஸ்டர்ட். இவர்களின் ஸ்பெஷல் அயிட்டத்தின் பெயர் 'கான்கிரீட்'. அவ்வளவு கெட்டி. தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கப்பைக் கையில் கொடுப்பார்கள்.

டெக்ஸாஸின் அமரில்லோவில் 'பிக் டெக்ஸன்'. 72 அவுன்ஸ், அதாவது சுமார் 2 கிலோ மாட்டிறைச்சி ஸ்டேக்கை, கூடவே வரும் அயிட்டங்களோடு ஒரு மணி நேரத்தில் காலி செய்தால் பில் கிடையாது. தோற்றால் முழுப் பணம்.

அதே மாநிலத்தில் ஏட்ரியன் என்ற சின்ன ஊரில் 'மிட்பாயின்ட் கஃபே'. சிகாகோவுக்கும் 1,139 மைல், லாஸ் ஏஞ்சலஸுக்கும் 1,139 மைல் என்று பலகை சொல்லும். பாதிப் பயணம் முடிந்த சந்தோஷத்தில் ஒரு துண்டு பை சாப்பிடுவது சம்பிரதாயம்.

இந்தக் கடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. போகிற போக்கில் ஒருவர் பலகையைப் பார்த்து, 'சரி, நிறுத்தலாம்' என்று பிரேக் போட்டால்தான் இவர்களுக்கு வியாபாரம். அதனால்தான் அத்தனை நியான் விளக்குகள், கூரைமேல் ராட்சத பொம்மைகள், எல்லாம்.

பாட்டு எங்கிருந்து வந்து சேர்ந்தது?

1946-ல் பாபி ட்ரூப் என்ற இளம் பாடலாசிரியர் ஹாலிவுட்டில் வாய்ப்பு தேடி, மனைவியோடு பென்சில்வேனியாவிலிருந்து காரில் கிளம்பினார். வழியிலேயே ரூட் 66 பற்றி ஒரு பாட்டு எழுதத் தொடங்கினார். சாலையில் வரும் ஊர்ப் பெயர்களையே வரிகளாக்கினார். நாட் கிங் கோலின் குழு அதே ஆண்டு அதைப் பதிவுசெய்தது. பாட்டு செம ஹிட். பிறகு சக் பெர்ரி, ரோலிங் ஸ்டோன்ஸ் எனப் பலரும் பாடினார்கள். ஒரு நெடுஞ்சாலைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

ஆனால், இசைக்கும் இந்தச் சாலைக்குமான உறவு ஒரு பாட்டோடு முடிவதில்லை. அந்தக் காலத்தில் இசைக் குழுக்களே ஊர் ஊராகக் காரிலும் பஸ்ஸிலும் போய்ப் பிழைத்தவை. ஒரு பெரிய நகரத்துக்கும் அடுத்த பெரிய நகரத்துக்கும் நடுவில் நின்று ஒரு ராத்திரி வாசித்தால்தான் பெட்ரோல் காசு தேறும். சாலையோர நடன அரங்குகள் உருவானது அப்படித்தான்.

துல்சாவின் 'கெய்ன்ஸ் பால்ரூம்' நல்ல உதாரணம். 1924-ல் கார் நிறுத்தும் கராஜாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. 1930-களில் பாப் வில்ஸும் அவருடைய 'டெக்ஸாஸ் பிளேபாய்ஸ்' குழுவும் இங்கிருந்து வாசித்ததை கே.வி.ஓ.ஓ. வானொலி ஒலிபரப்பியது. கிராமியப் பிடில் இசையையும் ஜாஸையும் கலந்த 'வெஸ்டர்ன் ஸ்விங்' பெரிதாக வளர்ந்த இடம் இது. 1978 ஜனவரியில் பிரிட்டனின் பங்க் குழு 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' இங்கே வந்து வாசித்தது. அன்று சிட் விஷியஸ் குத்தி உடைத்த சுவர்த் துண்டை ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்றும் இங்கே கச்சேரிகள் நடக்கின்றன.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் 'வுடி கத்ரி சென்டர்', 'பாப் டிலன் சென்டர்'. ஓக்லஹோமாவில் பிறந்த வுடி கத்ரி, புழுதிப் புயல் காலத்தில் கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்களில் ஒருவர். அவரைக் குருவாக நினைத்து வளர்ந்தவர் டிலன்.

செயின்ட் லூயிஸில் 'புளூபெரி ஹில்'. ராக் அண்ட் ரோலின் முன்னோடி சக் பெர்ரி, வயதான காலத்திலும் மாதம் ஒருமுறை வந்து வாசித்த இடம். 200-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். அரிஸோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் 1931-ல் மரத் தூண்களால் கட்டப்பட்ட 'மியூசியம் கிளப்' கன்ட்ரி இசைக்குப் பேர்போனது.

பெரும்பாலான சின்ன இடங்களில் நுழைவுக் கட்டணம் சில டாலர்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. மேடை ஓரம் ஒரு டிப்ஸ் ஜாடி இருக்கும். வாசிப்பவரின் அன்றைய வருமானத்தில் கணிசமான பகுதி அதற்குள்தான் விழ வேண்டும்.

எல்லோராலும் நிற்க முடிந்ததா?

இல்லை. பழைய சாலைகளின் ஏக்கக் கதைகளில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

அந்தப் பாட்டை ஹிட்டாக்கிய நாட் கிங் கோல் கறுப்பினத்தவர். அவர் பாடிய அதே பாதையில் இருந்த பல விடுதிகளில் அவரைப் போன்றவர்களுக்கு அறை தர மாட்டார்கள். பயணத்தின் முடிவில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸிலும், 1948-ல் ஹான்காக் பார்க் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தினர் எதிர்த்தார்கள்.

அப்போது அமெரிக்காவில் 'சன்டவுன் டவுன்' என்று அழைக்கப்பட்ட ஊர்கள் இருந்தன. பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும். மீறினால் உயிருக்கே ஆபத்து. ரூட் 66 நெடுகிலும் இப்படிப்பட்ட ஊர்கள் இருந்தன. சாப்பாட்டையும் போர்வையையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க நிற்காமல் ஓட்டியே கடந்தவர்கள் ஏராளம்.

இதற்காகவே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்தது. நியூ யார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன், 1936-ல் 'கிரீன் புக்' வெளியிட ஆரம்பித்தார். கறுப்பினத்தவர்கள் நம்பிக்கையோடு தங்கக்கூடிய விடுதி, சாப்பிடக்கூடிய உணவகம், பெட்ரோல் பங்க், சலூன் எல்லாவற்றின் முகவரியும் அதில் இருக்கும். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964-ல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தேவை குறைந்து அந்தப் புத்தகமும் நின்றுபோனது.

ஓக்லஹோமாவின் லூதர் ஊர் அருகே 'த்ரெட் ஃபில்லிங் ஸ்டேஷன்' என்ற பழைய கற்கட்டடம் இன்றும் நிற்கிறது. கறுப்பினக் குடும்பம் ஒன்று நடத்திய பெட்ரோல் பங்க் அது. பயந்து பயந்து ஓட்டி வந்தவர்கள் தைரியமாக இறங்கிக் காலாற நடந்த இடம். துல்சாவிலோ, கெய்ன்ஸ் பால்ரூமிலிருந்து நடக்கும் தூரத்தில் கிரீன்வுட் பகுதி இருக்கிறது. செழிப்பாக இருந்த அந்தக் கறுப்பினக் குடியிருப்பை 1921-ல் வெள்ளை இனவெறிக் கும்பல் எரித்து, சுமார் 35 தெருத் தொகுதிகளைச் சாம்பலாக்கியது. அந்தப் படுகொலையின் வரலாற்றைச் சொல்லும் 'கிரீன்வுட் ரைசிங்' மையம் 2021-ல் திறக்கப்பட்டது.

பூர்வகுடிகள் விஷயத்திலும் இப்படித்தான். அரிஸோனாவின் ஹோல்புரூக்கில் 'விக்வாம் மோட்டல்' ஒன்று உண்டு. 1950-ல் கட்டியது. கூம்பு வடிவக் கூடாரம் மாதிரி கான்கிரீட் அறைகள். போட்டோவுக்கு அழகுதான். ஆனால், அந்தக் கூடாரம் தொலைதூரச் சமவெளிப் பூர்வகுடிகளுடையது. மோட்டலைச் சுற்றி வாழும் நவாஹோ மக்களின் வீடு வேறு மாதிரி இருக்கும். சுற்றுலாப் பயணி எதை எதிர்பார்த்து வந்தாரோ, அதைக் கட்டிக் கொடுத்தார்கள்.

சாலையைக் கொன்றது எது?

1919-ல் அமெரிக்க ராணுவத்தின் வாகன அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சாலை வழியாகப் போனது. போய்ச்சேர 62 நாள் ஆனது. சேறு, உடைந்த பாலம், புழுதி. அந்த அணியில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். பெயர் டுவைட் ஐஸன்ஹோவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளையும் நேரில் பார்த்தார். அமெரிக்க அதிபரான பிறகு, 1956 ஜூன் 29-ல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41,000 மைல் சாலை, செலவில் 90 சதவிகிதம் மத்திய அரசுடையது.

இன்டர்ஸ்டேட்டுக்கும் பழைய நெடுஞ்சாலைக்கும் அகலம் மட்டும் வித்தியாசமல்ல. பழைய சாலையில் இரு பக்கமும் கடை போடலாம், எங்கே வேண்டுமானாலும் வண்டியை ஓரம்கட்டலாம். இன்டர்ஸ்டேட்டில் அது நடக்காது. குறிப்பிட்ட 'எக்ஸிட்' வழியாக மட்டும்தான் இறங்க முடியும். சிக்னல் இல்லை, ஊர் இல்லை, ஓரத்தில் கடை இல்லை. வேகமும் பாதுகாப்பும் கூடின. இரு வழிச் சாலையில் அடிக்கடி நடந்த நேருக்கு நேர் மோதல்கள் குறைந்தன. இதையும் மறக்கக் கூடாது.

ஆனால், பைபாஸ் வந்தால் ஊருக்குள் இருக்கும் கடைகளுக்கு என்ன ஆகும் என்பது நமக்கும் தெரிந்த கதைதான். இன்டர்ஸ்டேட் 55, 44, 40, 15, 10 என ஐந்து சாலைகள் துண்டு துண்டாக ரூட் 66-ன் இடத்தைப் பிடித்தன. வசதி இருந்தவர்கள் இடம் மாறினார்கள். அமரில்லோவின் 'பிக் டெக்ஸன்' 1960-ல் ரூட் 66 ஓரம் தொடங்கி, 1970-ல் இன்டர்ஸ்டேட் 40 பக்கம் போய்விட்டது. இன்றும் ஓடுகிறது. டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ எல்லையில் இருந்த க்ளென்ரியோ ஊரால் அப்படி நகர முடியவில்லை. இன்று அது ஆளில்லாத ஊர். இடிந்த மோட்டலும், துருப்பிடித்த பெயர்ப்பலகையும்தான் மிச்சம்.

எக்ஸிட் ஓரங்களைச் செயின் உணவகங்கள் பிடித்துக்கொண்டன. இதில் ஒரு முரண். மெக்டொனால்ட்ஸ் பிறந்ததே ரூட் 66 கடந்துபோகும் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில்தான். அங்கே 1940-ல் கடை போட்ட மெக்டொனால்ட் சகோதரர்கள், 1948-ல் மெனுவைக் குறைத்து, சமையலறையைத் தொழிற்சாலை மாதிரி மாற்றினார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் அதே பர்கர், அதே ருசி. அவசரத்தில் இருப்பவருக்கு அது போதும்.

கடைசியாக அரிஸோனாவின் வில்லியம்ஸ் ஊரையும் 1984 அக்டோபரில் இன்டர்ஸ்டேட் 40 சுற்றிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு ஜூனில் ரூட் 66 என்ற எண்ணே அதிகாரப்பூர்வமாக ரத்தானது.

சலூன் கடைக்காரர் மீட்ட சாலை

அரிஸோனாவின் செலிக்மன் ஊரில் 1978 செப்டம்பர் 22-ல் இதே கதை நடந்தது. இன்டர்ஸ்டேட் 40 திறந்த அன்றே ஊருக்குள் வண்டி வரத்து அற்றுப்போனது. பெட்ரோல் பங்க்குகள், மோட்டல்கள், கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அங்கே சலூன் வைத்திருந்தவர் ஏஞ்சல் டெல்காடில்லோ. அவருடைய அண்ணன் ஹுவான், 1953-ல் கழித்துப்போட்ட மரப்பலகைகளைக் கொண்டு கட்டிய 'ஸ்னோ கேப்' டிரைவ்-இன் உணவகத்தை நடத்திவந்தார்.

டெல்காடில்லோ ஊரைவிட்டுப் போகவில்லை. 1987 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். கோரிக்கை ஒன்றுதான்: செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பழைய சாலையை 'வரலாற்றுச் சாலை' என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். அதே ஆண்டே அறிவிப்பு வந்தது. மற்ற மாநிலங்களிலும் இதேபோல் சங்கங்கள் முளைத்தன. 'ஹிஸ்டாரிக் ரூட் 66' என்ற பழுப்புப் பலகைகள் நடப்பட்டன.

1999-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பாதையைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. பழைய மோட்டல்களைச் சரிசெய்யவும் நியான் பலகைகளை மறுபடி எரியவைக்கவும் தேசியப் பூங்கா சேவை மூலம் பங்கு நிதி கொடுத்தார்கள். 2006-ல் வந்த பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தில் பைபாஸ் வந்ததால் நொடித்துப்போகும் 'ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ்' ஊரை ஞாபகம் இருக்கிறதா? படக்குழு ரூட் 66-ல் பயணம் செய்து, செலிக்மன் போன்ற ஊர்களின் கதையைக் கேட்டுத்தான் அதை உருவாக்கியது.

இன்று பழைய பாதையில் சுமார் 85 சதவிகிதம் கார் ஓட்டக்கூடிய நிலையில் இருக்கிறது. செலிக்மனை ஒட்டிய அரிஸோனா பகுதியில் சுமார் 250 கிலோமீட்டர் இடைவெளியே இல்லாமல் கிடைக்கிறது.

இசைக்காக மட்டுமே போவதென்றால்?

அப்படியென்றால் இன்னொரு பழைய சாலை இருக்கிறது. செயின்ட் லூயிஸில் ரூட் 66 மேற்கே திரும்பும். அதே செயின்ட் லூயிஸ் வழியாக வடக்கிலிருந்து வரும் ஹைவே 61, மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே மெம்ஃபிஸ், கிளார்க்ஸ்டேல் என்று இறங்கி நியூ ஆர்லியன்ஸ் போகும். மொத்தம் சுமார் 1,400 மைல். 'ப்ளூஸ் ஹைவே' என்றே இதற்குப் பெயர். பாப் டிலனின் 1965 ஆல்பத்தின் தலைப்பில் இருப்பதும் இந்தச் சாலைதான்.

இதன் மையம் கிளார்க்ஸ்டேல் என்ற சின்ன ஊர். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள், வார இறுதியில் ஆடிப் பாடிக் குடித்துக் களைப்பைப் போக்கிய தகரக் கொட்டகைகளுக்கு 'ஜூக் ஜாயின்ட்' என்று பெயர். டைனர்களில் காசு போட்டால் பாடும் 'ஜூக்பாக்ஸ்' பெயரும் இங்கிருந்து வந்ததுதான். மடி வாட்டர்ஸ் 1943-ல் இங்கிருந்து ரயிலேறி சிகாகோ போய், ப்ளூஸ் இசையை எலெக்ட்ரிக் கிடாருக்கு மாற்றினார். அவர் வாழ்ந்த மர வீட்டின் மிச்சத்தை ஊரில் உள்ள 'டெல்டா ப்ளூஸ் மியூசிய'த்தில் பார்க்கலாம்.

ஹைவே 61 கார் விபத்தில் படுகாயமடைந்த ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், 1937-ல் உயிர்விட்டது இந்த ஊரின் கறுப்பினத்தவர் மருத்துவமனையில். 1944-ல் அதே கட்டடம் 'ரிவர்சைடு ஹோட்டல்' ஆனது. வேறெங்கும் அறை கிடைக்காத கறுப்பினக் கலைஞர்கள் தங்கியது அங்கேதான்.

புதிய ஹைவே 61 இப்போது கிளார்க்ஸ்டேலையும் சுற்றிக்கொண்டுதான் போகிறது. ஊருக்குள் ஆட்களை வரவைப்பது இசை ஒன்றுதான். 'ரெட்ஸ் லௌஞ்ச்' போன்ற பழைய ஜூக் ஜாயின்ட்டுகளும், நடிகர் மார்கன் ஃபிரீமன் பங்குதாரராக இருக்கும் 'கிரவுண்ட் ஸீரோ' கிளப்பும் அதற்குக் காரணம். ஏப்ரலில் 'ஜூக் ஜாயின்ட் ஃபெஸ்டிவல்' நடக்கும்போது போனால் ஊரே மேடைதான்.

போக நினைக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

* வழி: மேப் உங்களை இன்டர்ஸ்டேட்டுக்கே இழுக்கும். 'அவாய்ட் ஹைவேஸ்' ஆப்ஷனைப் போட்டு, ஊர் ஊராகப் பிரித்து ரூட் போடுங்கள். பழுப்புப் பலகைகளைப் பாருங்கள். சில இடங்களில் பழைய சாலை திடீரென முட்டுச்சந்தில் முடியும். திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

* நாள்: முழுப் பாதைக்குக் குறைந்தது இரண்டு வாரம். நேரம் இல்லையென்றால் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டைனருக்கு இல்லினாய், மிசௌரி. இசைக்கு ஓக்லஹோமா. பாலைவனக் காட்சிக்கு அரிஸோனா.

* சீசன்: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். கோடையில் மோஹாவி பாலைவனத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே வெள்ளத்தில் பாலங்கள் பழுதாகிச் சில பகுதிகள் மூடப்படுவதுண்டு. கிளம்பும் முன் செக் பண்ணிடுங்க. குளிர்காலத்தில் ஃபிளாக்ஸ்டாஃபில் பனி கொட்டும், பல சின்ன கடைகள் மூடியிருக்கும்.

* கார்: இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருப்பது நல்லது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். ஒரு நகரில் எடுத்து வேறு நகரில் விட்டால் கூடுதல் கட்டணம். 25 வயதுக்குக் கீழ் என்றால் அதற்கும் தனியாகக் கட்டணம் உண்டு.

* சைவம்: பான்கேக், ஹாஷ் பிரவுன், கிரில்டு சீஸ், பை எல்லாம் கிடைக்கும். ஆனால், பேக்கன் வறுத்த அதே கல்லில்தான் பெரும்பாலும் எல்லாம் வேகும். கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

* டிப்ஸ்: இது விருப்பம் அல்ல, சம்பளம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 1991-லிருந்து மணிக்கு 2.13 டாலர்தான். சில மாநிலங்கள் கூடுதலாகக் கொடுக்கின்றன. பில்லில் 15 முதல் 20 சதவிகிதம் வைப்பது வழக்கம். மேடை ஓரத்து ஜாடியையும் மறக்க வேண்டாம்.

இனி என்ன?

கலிஃபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில் ஆம்பாய் என்ற ஊர் இருக்கிறது. இன்டர்ஸ்டேட் 40 வந்த பிறகு ஏறக்குறைய காலியாகிவிட்டது. 2005-ல் ஓர் உணவகத் தொடரின் நிறுவனர் ஊரையே விலைக்கு வாங்கினார். அங்கிருக்கும் 'ராய்ஸ்' மோட்டலின் பிரம்மாண்ட நியான் பலகை பல ஆண்டுகளுக்குப் பிறகு 2019 நவம்பரில் மறுபடியும் எரிந்தது. பலகை எரிந்துவிட்டது. ஆனால் அறைகளை வாடகைக்குவிடத் தண்ணீர், கழிவுநீர் வசதி எல்லாம் வேண்டும். அது பலகையைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் வேலை.

நூறாவது ஆண்டில் இந்தச் சாலை முழுவதற்குமான சிக்கலும் இதுதான். செல்ஃபி எடுக்க நிற்பவர்கள் நிறைய. ஆனால், ஒரு ஊரில் டைனர் திறந்திருக்க வேண்டும் என்றால், அங்கே யாராவது காலை டிபன் சாப்பிட வேண்டும். மேடையில் ஒருவர் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்றால், கேட்பவர்கள் ஒரு ராத்திரி அங்கே தங்க வேண்டும். செலிக்மன் பிழைத்தது பலகையால் மட்டுமல்ல. அதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்கள், இறங்கி ஸ்னோ கேப்பில் ஒரு மில்க் ஷேக்காவது வாங்கிக் குடித்ததால்தான்.